கானா: சாவுக்கு வேண்டும், சபைக்கு வேண்டாமா?

ஆண்டுதோறும் குடியரசு நாளுக்கு முந்தைய மாலையில் தில்லியிலிருந்து பத்ம விருதுப் பட்டியல் வெளிவருகிறது. விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும் ஆசிரியர் அறையில் அதைப் பற்றிய பேச்சு எழும். இரண்டாம் மணி அடிப்பதற்குள் அடங்கிவிடும். 2025ஆம் ஆண்டுப் பட்டியல் அவ்வாறு அடங்கவில்லை. பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ. தெருக்கூத்துக்குப் பெயர்போன புரிசையின் கண்ணப்ப சம்பந்தனுக்குப் பத்மஸ்ரீ. அதற்கு முந்தைய ஆண்டு வள்ளி ஒயில் கும்மியைத் தலைமுறைகளுக்குப் பயிற்றுவித்த கோவைப் பகுதிப் பத்ரப்பன். 2018இல் நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்தும் பாடியும் வந்த விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன். நாம் மகிழ்ந்தோம். மகிழ்ந்த கையோடு ஒரு கேள்வியும் எழுந்தது. பறை படியேறிவிட்டது, கூத்து ஏறிவிட்டது, கும்மியும் ஏறிவிட்டது. இராயபுரத்திலும் காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் புளியந்தோப்பிலும் ஒருவர் இறந்த இரவில் விடியும்வரை பாடப்படும் கானா மட்டும் ஏன் இன்னும் வாசலிலேயே நிற்கிறது? கானா பாடியதற்காக ஒருவர் பெயரும் அப்பட்டியலில் ஏறியதில்லையே?

நம் கட்சி இதுதான்: கானாக் கலைஞர்களுக்குத் தேசிய அளவிலான ஏற்பு வேண்டும். அது கானாக் கலைஞர் என்ற பெயரிலேயே வேண்டும். திரைப்பாடகர் என்றோ, சமூகச் செயற்பாட்டாளர் என்றோ, சாதனைப் பெண்மணி என்றோ வேறொரு வாசல் வழியாக உள்ளே அழைத்துவிட்டு, 'கொடுத்துவிட்டோமே' என்று கைகழுவும் ஏற்பு நமக்குத் தேவையில்லை.

கானா என்றதும் திரையரங்கில் விசில் பறக்கும் குத்துப்பாட்டை நினைப்பவர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டியுள்ளது. சாமியானாப் பந்தலின் கீழே, இறந்தவரின் உடலுக்கோ படத்துக்கோ எதிரில், டோலக்கும் தபேலாவும் வைத்துக்கொண்டு குழு அமர்கிறது. தலைமைப் பாடகர் வீட்டாரிடம் விசாரிக்கிறார்: பெயர் என்ன, என்ன தொழில், பிள்ளைகள் எத்தனை பேர், எதனால் போனார், யார்மேல் உயிராக இருந்தார்? அந்த விவரங்கள் ஒவ்வொன்றாகப் பாட்டுக்குள் வந்து விழுகின்றன. பாடும்போதே கட்டப்படும் அடிகள் அவை. அந்த இரவுக்கு, அந்த வீட்டுக்கு மட்டுமே உரியவை. மீன் ஏலம் விட்ட பெண்ணாயினும், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவராயினும், ரிக்‌ஷா மிதித்தவராயினும், வாழ்ந்த நாளில் எந்த ஏட்டிலும் பெயர் ஏறாதவருக்கு, இறந்த இரவில் ஒரு வரலாறு எழுதப்படுகிறது. நடுவே சிரிப்பு வரும். இறந்தவரின் குடியையும் கோபத்தையும்கூடப் பாடகர் விட்டுவைப்பதில்லை. அழுதுகொண்டிருந்த மனைவி அந்த அடியில் சிரித்துவிட்டு, அடுத்த அடியில் முன்னிலும் உரக்க அழுவதை அப்பகுதியில் வாழ்ந்தவர்கள் பலமுறை கண்டிருப்பர். 16ஆம் நாள் காரியத்துக்கும் ஆண்டு நினைவுக்கும் மீண்டும் கூடுவதுண்டு. இசைக்கருவி வாங்க வசதியில்லாத காலத்தில் மேசைப் பலகையும் பானையும் தீப்பெட்டியும் தாளம் சொல்லின.

இக்கலை எங்கிருந்து வந்தது என்பதை அறிய இந்நகரின் வடக்கைப் பார்த்தால் போதும். 1856இல் இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி புறப்பட்டது. பின்னர்த் துறைமுகம் வளர்ந்தது. பின்னி ஆலைகள் எழுந்தன. செங்கற்பட்டு, வடார்க்காடு மாவட்டங்களின் சேரிகளிலிருந்து நிலமற்ற மக்கள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கினர். இந்தியாவின் தொடக்ககாலத் தொழிற்சங்கங்களுள் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் இங்கேதான் தோன்றியது. ஊரில் சாவுக்குப் பறையடிக்க இவர்களைக் கட்டாயப்படுத்திய சாதி, இங்கே அதே வலிமையோடு துரத்திவரவில்லை. (துரத்தி வரவேயில்லை என்று சொல்லிவிட முடியாது.) ஊரில் பிறருடைய சாவுக்கு இசைத்தவர்கள், நகரத்தில் தம் சாவுக்குத் தாமே பாடத் தொடங்கினர். கானாவின் பிறப்பை நாம் இவ்வாறுதான் புரிந்துகொள்கிறோம். அடிமைத் தொழிலாக விதிக்கப்பட்டதைத் தம்மவருக்கான மரியாதையாக மாற்றியமைத்த கலை இது. இதைவிடப் பெரிய பண்பாட்டுப் பங்களிப்பு எது என்று விருதுக் குழுக்கள் நமக்குச் சொன்னால் நன்று.

எம் வகுப்பில் பாரியை இழந்த கபிலரின் கையறுநிலைப் பாடல்களை நடத்திய நாளொன்றில், காசிமேட்டிலிருந்து வரும் மாணவர் ஒருவர், 'ஐயா, இத எங்க தெருவுல விடிய விடியப் பாடுவாங்க' என்றார். வகுப்பு சிரித்தது. சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. கழிந்தோரை எண்ணி ஒழிந்தோர் புலம்புவதைத் தொல்காப்பியம் காஞ்சித்திணையில் ஒரு துறையாகவே வைத்திருக்கிறது. அம்மாணவர் இலக்கணம் பிழையாமல்தான் சொன்னார்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. கானாவைச் சங்க காலத்தோடு முடிச்சுப்போட்டு, 'இரண்டாயிரம் ஆண்டுப் பழமை' என்ற முத்திரையைக் குத்தி விருதுக்கு அனுப்பும் வேலையை நாம் செய்யப்போவதில்லை. அது தமிழ்த்துறைகளின் தீராத நோய். எதற்கும் பழமை காட்டினால்தான் மதிப்பு என்று நாமே ஊருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பழமை காட்ட முடியாதவர்களைக் கைவிட்டுவிட்டோம். கானாவின் வயது ஏறக்குறைய இத்தொழிற்பகுதியின் வயது. அது புதியது என்பதே அதன் தகுதி. துறைமுகமும் ஆலையும் தொடர்வண்டியும் வந்தபின் தமிழ் மக்கள் தாமாகவே படைத்துக்கொண்ட இசைவடிவங்கள் எத்தனை என்று எண்ணிப்பாருங்கள். ஒரு கை விரல்களே மிஞ்சும்.

வேர் காட்டித்தான் ஆக வேண்டும் என்று வற்புறுத்துவோருக்கு மண்ணிலேயே சான்றிருக்கிறது. தாயின் சிதைக்கு முன் நின்று பாடிய பட்டினத்தாரின் சமாதி திருவொற்றியூர்க் கடற்கரையில் உள்ளது. தொண்டியை அடுத்த குணங்குடியில் பிறந்த மஸ்தான் சாகிபு அடங்கியிருப்பது தண்டையார்பேட்டையில். நிலையாமை பாடிய சைவத் துறவியும் இசுலாமிய ஞானியும் ஒரே கரையில் சில கல் தொலைவில் கிடக்கிறார்கள். அவர்களுக்கு நடுவில் உள்ள தெருக்களில்தான் மரண கானா பாடப்படுகிறது. இதைத் தற்செயல் என்போர் என்றுகொள்ளட்டும்.

இதே கரை வேறோர் இசைக்கும் உரியது என்பதைச் சபாக்காரர்கள் அறிவர். தியாகராசர் திருவொற்றியூர்த் திரிபுரசுந்தரி மீது பாடிய ஐந்து கிருதிகள் திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம் என்றே வழங்குகின்றன. அவருடைய மாணவர் வீணை குப்பையர் வாழ்ந்ததும் திருவொற்றியூரில். இன்று எண்ணெய் ஆலையின் புகைக்கு நடுவே இருக்கும் மணலி, ஒரு காலத்தில் இசைவாணரைப் போற்றிய மணலி முதலியார்களின் ஊர். முத்துசாமி தீட்சிதரின் குடும்பம் அங்கே அவர்களுடைய ஆதரவில் வாழ்ந்தது. அக்காலத்தில் கோட்டையின் ஆங்கிலேயப் பேண்டு இசையைக் கேட்ட தீட்சிதர், அந்த மேனாட்டு மெட்டுகளுக்கு வடமொழிச் சொற்களை அமைத்து நோட்டுஸ்வர சாகித்தியங்களாக ஆக்கினார். அவற்றுள் ஒன்று பிரித்தானிய நாட்டுப்பண்ணின் மெட்டு.

இதை இங்கு எடுத்துக்காட்டக் காரணம் உண்டு. கானாவுக்கு எதிராகக் கற்றவர்கள் முதலில் வைக்கும் குற்றச்சாட்டு, 'அது சினிமா மெட்டைத் திருடுகிறது' என்பது. ஆம், எடுக்கிறது. தெருவில் காற்றில் மிதந்துவரும் மெட்டை எடுத்து அதில் தன் சொல்லை வைக்கிறது. தீட்சிதர் பேண்டு மெட்டை எடுத்தால் அது மேதைமை. பத்துக் கல் தெற்கே ஒரு கூலித்தொழிலாளியின் மகன் திரைமெட்டை எடுத்தால் அது திருட்டு. நம் கீர்த்தனை நூல்களிலும் சிந்து நூல்களிலும் தலைப்புக்குக் கீழே இன்ன பாட்டின் மெட்டு என்று குறித்தே அச்சிட்டிருக்கிறார்கள். அவற்றைப் பதிப்பித்தவர்களுக்கு முனைவர் பட்டம் கொடுத்த துறைகள்தாம் கானாவைக் கண்டு மூக்கைப் பொத்துகின்றன.

இனித் தில்லிக்குச் செல்வோம். சங்கீத நாடக அகாதெமி 1952இல் நிறுவப்பட்டது. இசை, நடனம், நாடகம் ஆகியவற்றுக்கு அது விருது வழங்குகிறது. அவற்றுக்கு அப்பால் மரபுக்கலை, நாட்டுப்புறக்கலை, பழங்குடிக்கலை, பொம்மலாட்டம் ஆகியவற்றுக்கு ஒரு பிரிவு. கானாவை எங்கே வைப்பார்கள்? இசைப் பிரிவு என்றால் கருநாடக இசையும் இந்துஸ்தானியும் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றன. நாட்டுப்புறப் பிரிவு என்றால் வயலும் ஏரியும் தேரும் வேண்டும்; ஆசிரியர் பெயர் தெரியாத பாட்டாக இருந்தால் இன்னும் நல்லது. கானாவிலோ புதுவண்ணாரப்பேட்டைச் சந்து இருக்கிறது. தொடர்வண்டித் தண்டவாளம் இருக்கிறது. காவல்நிலையம், மருத்துவமனை, சிறை இருக்கின்றன. பாடியவரின் பெயரும் இருக்கிறது. நகரத்தில் நாட்டுப்புறம் இருக்க இயலாது என்று யார் தீர்ப்பளித்தார்கள்? கொல்கத்தா நகரின் துர்க்கா பூசையை இந்திய அரசே முன்மொழிந்து 2021இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்ததே, அது கிராமத்தில் நடப்பதா? நகரம் என்பது தடையல்ல. நகரத்தின் எந்தப் பகுதி என்பதே தடை.

இரண்டாவது குற்றச்சாட்டு ஆபாசம். இதை மழுப்ப நாம் விரும்பவில்லை. காணொளித் தளங்களில் கானா என்ற பெயரில் பெண்களை இழிவுசெய்யும் பாட்டுகள் கிடக்கின்றன. அவற்றைக் கேட்டு நாமும் கூசியிருக்கிறோம். ஆனால் ஒரு கலையை அதன் கடைசிப் பாடகனை வைத்தா அளப்பது? தனிப்பாடல் திரட்டில் அச்சிடத் தயங்கும் பாடல்கள் இருப்பதற்காகக் காளமேகத்தை நாம் பாடத்திட்டத்திலிருந்து நீக்கவில்லை. வாசிக்கக் கூசும் வருணனைகளுக்காகத் தூது நூல்களையும் உலா நூல்களையும் எரித்துவிடவுமில்லை. அவற்றுக்கு உரை எழுதிப் பட்டம் வாங்கினோம்.

அக்குற்றச்சாட்டுக்கான மெய்யான விடை இராயபுரத்திலிருந்தே வந்தது. ஆண்கள் மட்டுமே பாடிவந்த கானாவில் இசைவாணி வந்து நின்றார். இராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். சிறு வயதிலிருந்து மேடையேறியவர். சாவு வீட்டுப் பந்தலில் பெண் ஒப்பாரி வைக்கலாம், டோலக்குக்கு முன்னால் அமர்ந்து கானா பாடக்கூடாது என்ற எழுதாத விதியை அவர் தம் குரலாலேயே உடைத்தார். 2020இல் உலகெங்கிலுமிருந்து 100 பெண்களைத் தேர்ந்து பிபிசி வெளியிட்ட பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. கானா என்றால் என்ன என்று அந்தப் பட்டியல் உலகத்துக்கு இரண்டு வரியில் விளக்கம் சொன்னது. இலண்டனுக்குக் கேட்ட குரல் தில்லிக்குக் கேட்கவில்லை; அதைவிட வெட்கம், அண்ணாசாலையைத் தாண்டித் தெற்கே வரவும் நெடுநாளாயிற்று. 2024இன் இறுதியில், சில ஆண்டுகளுக்கு முன் சபரிமலை நுழைவுரிமை குறித்து அவர் பாடிய பாட்டைத் தோண்டியெடுத்துப் புகார்களும் மிரட்டல்களும் எழுந்தபோது, தென்சென்னையின் இசை மன்றங்கள் காத்த அமைதி நம் காதில் இன்னும் ஒலிக்கிறது. அப்பாட்டின் கருத்தோடு ஒருவர் உடன்படலாம், மாறுபடலாம். ஒரு கலைஞரை மிரட்டுவது மாறுபாடு ஆகாது.

கானாவுக்குத் திறந்த ஒரே கதவு திரைப்படம். 1950களிலும் 60களிலும் சந்திரபாபு சென்னைத் தெருப்பேச்சைப் பாட்டாக்கினார். 90களில் தேவா கானாவைத் திரையிசையின் நடுவில் வைத்தார். 2006இல் மிஷ்கினின் 'சித்திரம் பேசுதடி' வந்தபோது, மீன்களின் திருமணத்தைப் பாடிய கானா உலகநாதனைத் தமிழகமே பார்த்தது. 2012இல் 'அட்டகத்தி' வழியே கானா பாலா வந்தார். சட்டம் படித்தவர், சாவு வீடுகளில் பாடிப் பழகியவர். இவர்கள் திரையில் வென்றதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் திரைப்படம் கானாவிடமிருந்து எடுத்துக்கொண்டது துள்ளலை, விட்டுவிட்டது பிணத்தை. சாவைக் கழித்துவிட்ட கானா ஊறுகாய் போலத் தொட்டுக்கொள்ள ஆயிற்று. பெயரிலேயே மரணத்தைச் சுமந்துநிற்கும் மரண கானா விஜி போன்றோர் அந்தக் கதவுக்கு வெளியேதான் பெரும்பாலும் பாடிக்கொண்டிருக்கிறார்கள். திரை ஊதியம் கொடுக்கும், புகழும் கொடுக்கும். கலைக்கு மதிப்பு கொடுப்பது அதன் வேலையன்று. அது அகாதெமிகளின் வேலை, பல்கலைக்கழகங்களின் வேலை. அவர்கள் செய்யாததைத் திரை செய்துவிட்டதாக எண்ணிக்கொள்வது சோம்பலுக்குச் சொல்லும் சாக்கு.

இங்கு எண்ணூரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2017 சனவரியில் 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' வெளிவந்தது. கபேர் வாசுகி சென்னைத் தமிழில் எழுத, டி. எம். கிருஷ்ணா கருநாடக இசையில் எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடினார். அதே மாதத்தின் இறுதியில் எண்ணூர்க் கடலில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியது. 2023 திசம்பர் வெள்ளத்தில் மீண்டும் எண்ணெய் வந்து மீனவர் வாழ்வைக் கறுப்பாக்கியது. அந்தப் பாட்டின் நேர்மையில் நமக்கு ஐயமில்லை. இன்றும் வகுப்பில் மாணவர்க்குப் போட்டுக்காட்டுகிறோம். கிருஷ்ணாவுக்கு 2024ஆம் ஆண்டின் சங்கீத கலாநிதி அறிவிக்கப்பட்டபோது எழுந்த கூச்சலில் நாம் அவர் பக்கமே நின்றோம். ஆனால் அந்தச் சண்டையின் ஊடே ஒன்று நம் கண்ணில் பட்டது. 'புறம்போக்கு' என்ற சொல் சபைக்குள் நுழைய இராகத்தின் முதுகில் ஏறிச் செல்ல வேண்டியிருக்கிறது. அச்சொல்லைத் தலைமுறைகளாகப் பாடிவரும் வாய்களுக்கு இடம் உண்டா இல்லையா என்பதைப் பற்றிக் கூச்சலிட்டவர்களும் பேசவில்லை, எதிர்க் கூச்சலிட்டவர்களும் பேசவில்லை. சபைக்குள் இருப்பவர்களே தமக்குள் நடத்திக்கொண்ட வழக்கு அது.

கிருஷ்ணாவுக்கு 2016இல் மகசேசே விருது கொடுத்தது மணிலா. 1974இல் எம். எஸ். சுப்புலட்சுமிக்குக் கொடுத்ததும் அதே மணிலா. நம் கலைஞரை மதிக்கும் அந்நகரம் தன் கலைஞரை எப்படி மதிக்கிறது என்று பார்ப்பது பயன் தரும். மணிலாத் துறைமுகத்தை ஒட்டித் தோந்தோ என்றொரு பகுதி உண்டு; நெரிசலும் வறுமையும் தொழிலாளர் கிளர்ச்சியும் சேர்ந்த, நம் இராயபுரத்துக்கு உடன்பிறப்பென்று சொல்லத்தக்க இடம். அங்கே பிறந்தவர் லெவி செலரியோ. எண்ணற்ற பாடல்களை எழுதியவர். ஓர் இலையை மடித்து உதட்டில் வைத்து ஊதி இசைத்தவர். 1997இல் அவர் 'தேசியக் கலைஞர்' ஆனார். 1972இல் தொடங்கிய அவ்விருது பிலிப்பைன்சின் மிக உயர்ந்த கலை மதிப்பு. மரபுக்கலைஞர்களுக்கென 1992இல் தனிச் சட்டமே இயற்றினார்கள். அதன்படி தேர்வு பெறுவோர்க்கு வாழ்நாள் உதவித்தொகை உண்டு. இளையோர்க்குக் கற்பிக்கும் கடமையும் உண்டு.

அங்கும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்லவரவில்லை. 2009இல் அந்நாட்டுக் குடியரசுத்தலைவர், தேர்வுக்குழு பரிந்துரைக்காத நால்வரைத் தாமாகப் பட்டியலில் செருகினார். எழுத்தாளர்களும் கலைஞர்களும் 'ஐயோ, விருதே அழுகிவிட்டது' என்று ஒதுங்கிப் போகவில்லை, உச்சநீதிமன்றம் சென்றார்கள். 2013இல் அந்நான்கும் செல்லாதென்று தீர்ப்பாயிற்று. சிறுமியாகத் தொடர்வண்டி நிலையத்தில் தண்ணீர் விற்ற நோரா ஆனோர், நாடு போற்றும் நடிகையான பின்னும், 2014இல் பரிந்துரைக்கப்பட்டும் நீக்கப்பட்டார். விட்டார்களா மக்கள்? எட்டாண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2022இல் அவரும் தேசியக் கலைஞரானார். 2025இல் மறைந்தபோது அரசு மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டார். விருதைப் பற்றி அம்மக்கள் சண்டையிட்டார்கள் என்பதே நமக்கு முதன்மையான செய்தி. நாம் விருதைப் பற்றிக் கிசுகிசுப்பதோடு சரி.

துறைமுகத் தெருக்களின் பாட்டை உலகம் எவ்வாறு நடத்தியது என்பதற்கு இன்னும் சான்றுகள் உண்டு. புவெனஸ் அயர்சின் டாங்கோவும் லிஸ்பனின் ஃபாடோவும் பிரேயஸ் துறையின் ரெபெட்டிகோவும் முறையே 2009, 2011, 2017 ஆண்டுகளில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. மூன்றும் ஒரு காலத்தில் குடிகாரர் பாட்டு, ரவுடிகள் பாட்டு என்று தூற்றப்பட்டவை. ரெபெட்டிகோவை 1936இல் வந்த சர்வாதிகார அரசு தணிக்கை செய்தே நசுக்கிப் பார்த்தது. லிஸ்பன் துறையில் பழம் விற்ற அமாலியா ரோட்ரிகஸ் 1999இல் இறந்தபோது போர்ச்சுகல் மூன்று நாள் துக்கம் காத்தது. இன்று அவர் நாட்டின் மாண்பாளர் மண்டபத்தில் துயில்கிறார். காசிமேட்டில் மீன் விற்கும் பெண்ணின் மகளுக்கு அப்படியொன்று கிட்டும் என்று கற்பனை செய்யவே நமக்கு ஏன் வாய் கோணுகிறது?

நம் தோழர்கள் சிலர் வேறொரு திசையிலிருந்து கேட்பார்கள்: 'மக்கள் கலைக்குத் தில்லியின் பட்டயம் எதற்கு? விருது வாங்கினால் பல் பிடுங்கிய பாம்பாகிவிடுமே.' அழகான கேள்வி. மாதச் சம்பளம் வாங்குபவர் கேட்கும்போது இன்னும் அழகு. பத்மத்தோடு பணம் வருவதில்லை, உண்மை. சங்கீத நாடக அகாதெமி விருதோடு ஓர் இலட்சம் ரூபாய் வருகிறது. நாற்பது வயதுக்குட்பட்டோர்க்கான பிஸ்மில்லாகான் விருதோடு 25,000 வருகிறது. மழைக்காலத்தில் வேலையற்றிருக்கும் டோலக்குக்காரருக்கு அது பெரிய தொகை. அதற்கும் மேலாக, அரசு ஏற்ற கலை என்றால்தான் ஆவணக்காப்பகம் அதன் ஒலிப்பதிவுகளைச் சேர்க்கும், பல்கலைக்கழகம் பாடகரை ஆசானாக அமர்த்தும், முதிர்ந்த கலைஞருக்கு ஓய்வூதியக் கோப்பு நகரும். இவை வேண்டாமென்று மறுக்கும் உரிமை பாடகருக்கு உண்டு. அவருக்குப் பதிலாக மறுக்கும் உரிமை நமக்கில்லை.

சட்டத்திலும் ஒரு வேடிக்கை பாருங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளின்படி இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. சமய, பண்பாட்டு விழாக்களுக்கு மாநில அரசு ஆண்டுக்குப் பதினைந்து நாள் வரை நள்ளிரவு மட்டும் விலக்களிக்கலாம். திருவிழாவுக்கு நாள் குறிக்கலாம். சாவுக்கு எவ்வாறு குறிப்பது? பண்பாடு என்று ஏற்கப்படாத கலையின் இரவுகள் எல்லாம் சட்டத்தின் கண்ணில் வெறும் இரைச்சலே. பத்து மணிக்கு ஒலிவாங்கியை அணைத்துவிட்டுத் தொண்டையாலேயே விடியவைக்கும் பாடகர்களை நாம் கேட்டிருக்கிறோம்.

மேடை கட்ட முடியும் என்பதைச் செய்துகாட்டியவர்கள் இருக்கிறார்கள். 2018 சனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதன்முறை மேடையேறியது. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் இணைந்து உருவாக்கிய அக்குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. கானாப் பாடகர்கள் தம் பேச்சை மாற்றாமல், குனியாமல் அங்கே நின்றார்கள். 2020 திசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. மார்கழி யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டதன்று என்பது அன்று தெரிந்தது. இவையெல்லாம் அரசின் உதவியால் நடந்தவையல்ல.

தமிழ்த்துறைகள் என்ன செய்தன? வாய்மொழி இலக்கியம் என்றொரு தாள் வைத்திருக்கிறோம். அதில் தாலாட்டு, ஒப்பாரி, தெம்மாங்கு, ஏற்றப்பாட்டு உண்டு. ஏற்றம் இறைப்பதை மாணவர்கள் படத்தில்தான் பார்க்கிறார்கள். அவர்கள் நேற்றிரவு கண்விழித்துக் கேட்ட பாட்டு அத்தாளில் இல்லை. கானாவை ஆய்வுசெய்த சிலர் உண்டு. அவர்களுக்கு நம் வணக்கம். ஆனால் பெருவழக்கு என்னவோ, செத்துப்போன கலைக்கு ஆய்வேடு, உயிரோடிருக்கும் கலைக்கு முகச்சுளிப்பு என்பதாகவே இருக்கிறது.

பத்ம விருதுக்கு எவரும் எவரையும் முன்மொழியலாம். அதற்கான இணையவாசல் ஆண்டுதோறும் திறக்கிறது. கேட்பது, முன்மொழியப்படுபவரின் பணியைப் பற்றி 800 சொற்களுக்கு மிகாத ஓர் உரை. நம் துறைகளில் ஒரு கருத்தரங்கக் கட்டுரையின் முன்னுரையே அதைவிட நீளம். சென்னையிலுள்ள ஒவ்வொரு தமிழ்த்துறையும் ஓர் ஆண்டுக்கு ஒரு கானாக் கலைஞரைப் பற்றி 800 சொல் எழுதினால் என்ன குறைந்துவிடும்? இசைவாணி, உலகநாதன், மரண கானா விஜி, பாலா என்று இங்கே பெயர் சொன்னவர்களிலிருந்தே தொடங்கலாம். பெயர் வெளித்தெரியாத முதியவர்களைத் தேடிச் சேர்ப்பது அதற்கு அடுத்த வேலை. பத்மம் பொதுவாக மறைந்தோர்க்கு வழங்கப்படுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

நாம் ஓர் உரையை எழுதத் தொடங்கியிருக்கிறோம். பாடகரின் பிறப்பு, தெரு, கற்ற விதம், இதுவரை பாடிய இரவுகள் எல்லாம் அமைந்துவிட்டன. 'துறை' என்ற இடத்தில் நாட்டுப்புற இசை என்று எழுத உடன்பணியாளர் ஒருவர் அறிவுரை சொன்னார். அப்போதுதான் புரியும் என்றார். 'கானா' என்றே எழுதியிருக்கிறோம். அடுத்த தேவை ஒலிச்சான்று. ஒலிநாடாக் காலத்தில் சாவு வீடுகளில் பதிவுசெய்யப்பட்ட கானாக்கள் பல வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. இதை வாசிப்போரில் எவர் வீட்டிலேனும் அப்படியொரு நாடா இருக்குமாயின், பழைய சாமான்காரரிடம் போட்டுவிட வேண்டாம். எமக்கு எழுதுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறோம்.